கேம்பிங் நாற்காலி வாங்குவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது, மேகமலை என்று வருஷத்துக்கு நாலைந்து தடவை குடும்பத்தோடும் நண்பர்களோடும் டென்ட் போட்டுத் தங்குகிற ஆள் நான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு எப்படியும் ரெண்டு பேராவது போன் பண்ணுவார்கள். டென்ட்டைப் பற்றிக் கேட்கமாட்டார்கள், படுக்கையைப் பற்றிக் கேட்கமாட்டார்கள், நாற்காலியைப் பற்றித்தான் கேட்பார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. நான் நாற்காலி விற்கிறவன் இல்லை. தப்பான நாற்காலி மூன்று வாங்கியவன், என் தகுதி அவ்வளவுதான்.

டென்ட்ல படுக்கத்தானே போறோம், நாற்காலி எதுக்கு? ஒரு ஜமுக்காளம் போதாதா?

சம்மணம் போட்டு ரெண்டு மணி நேரம் உட்கார முடிகிறவர்களுக்குப் போதும், நிஜமாகவே போதும். என் அப்பாவுக்கு இன்றைக்கும் போதும். ஆனால் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று மணிக்கு இடத்துக்குப் போகிறோம், பத்து மணிக்குப் படுக்கிறோம். இடையில் உள்ள ஏழு மணி நேரத்தில் பாதிக்கு மேல் உட்கார்ந்துதான் இருப்போம். காய் நறுக்குவது, டீ குடிப்பது, அரட்டை, சாப்பாடு, மறுபடியும் அரட்டை. ஆபீஸில் நாள் முழுக்க நாற்காலியில் இருந்து பழகின இடுப்பு முதல் ஒரு மணி நேரத்தைச் சமாளித்துவிடும், அப்புறம் எங்கே சாயலாம் என்று மரத்தைத் தேட ஆரம்பிக்கும்.

தரையில் வேறு தொல்லைகளும் உண்டு. மழைக்குப் பிறகு வால்பாறைப் பக்கம் தரையில் உட்கார்ந்தால் அட்டை ஏறும். எறும்பு எல்லா ஊரிலும் ஏறும். சாயங்காலம் ஆனதும் ஜமுக்காளத்தின் அடிப்பக்கம் ஈரம் வாங்கிவிடும். இதெல்லாம் பரவாயில்லை என்றால் நாற்காலிக் காசை மிச்சம் பிடித்து நல்ல படுக்கையாக வாங்குங்கள்.

வீட்ல இருக்கிற பிளாஸ்டிக் சேரையே கார்ல போட்டுட்டு வந்தா ஆகாதா?

ஆகும். இதைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கைவைத்த பிளாஸ்டிக் சேரில் உட்காரும் உயரம் சரியாக இருக்கும், முதுகு நேராக நிற்கும், எழுந்திருக்க சுலபம், நனைந்தால் துடைத்துவிடலாம். வயசானவர்களுக்கு விலை உயர்ந்த மடக்கு நாற்காலிகளில் பாதியைவிட இதுதான் வசதி.

குறை ரெண்டே ரெண்டுதான். மடங்காது என்பதால் நாலு சேரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் டிக்கி போய்விடும், பைகளை மடியில் வைத்துக்கொண்டுதான் வரவேண்டும். அப்புறம், சமதரைக்காகச் செய்த பொருள் அது. மேடு பள்ளத்தில் ஒரு கால் அந்தரத்தில் நின்றால் பாரம் மற்ற மூன்று கால்களில் கோணலாக இறங்கி, பழைய சேராக இருந்தால் கால் விரிந்து பிளந்துவிடும். வெயிலில் வருஷக்கணக்காகக் கிடந்து வெளுத்துப்போன மொட்டைமாடிச் சேரைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள்.

கடைல எல்லாமே ஒரே மாதிரி தெரியுது. என்னென்ன வகை இருக்கு?

அதிகமாகப் பார்ப்பது குடை மாதிரி சுருங்குகிற வகை. நாலு பக்கமும் பெருக்கல் குறி போலக் கம்பிகள், மேலே துணி, கையில் டம்ளர் வைக்க ஒரு வலைப்பை. பிரித்தால் ஐந்து நொடியில் தயார். எடை மூன்று நான்கு கிலோ வரும், சுருட்டினால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் கிரிக்கெட் பேட் பை மாதிரி இருக்கும். கார் வைத்திருப்பவர்களுக்கு இது.

அடுத்தது கோர்க்கிற வகை. உள்ளே எலாஸ்டிக் கயிறு ஓடும் அலுமினியக் குழாய்களை டென்ட் கம்பி மாதிரி ஒன்றில் ஒன்று செருகி, அதன் நாலு முனையிலும் துணியை மாட்டவேண்டும். ஹெலினாக்ஸ் என்ற கொரியக் கம்பெனியின் சேர் ஒன் இந்த வகையைப் பிரபலமாக்கியது, இப்போது அதே அமைப்பில் எல்லாரும் செய்கிறார்கள். எடை ஒரு கிலோவை ஒட்டி, சுருட்டினால் முழங்கை நீளம்தான். ஆனால் தாழ்வாக இருக்கும், கை வைக்க இடம் இருக்காது.

மூன்றாவது, சினிமா டைரக்டர் உட்காரும் மாதிரி இறுக்கமான துணியும் கட்டையான கைப்பிடியும் கொண்டது. பக்கவாட்டில் குட்டி மேஜை வைத்தும் வரும். பருமனாக இருக்கும், ஆனால் சாப்பிட, சமைக்க, சீட்டு விளையாட இதைவிடச் சௌகரியமானது இல்லை. இவை போக முக்காலி, கடற்கரைக்கான தாழ்ந்த சேர், காலை நீட்டிப் படுக்கிற ஏழெட்டு கிலோ சாய்வு சேர், தரையில் போட்டு முதுகை மட்டும் தாங்குகிற கால் இல்லாத சேர் எல்லாம் உண்டு. முக்காலியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். முதுகு வேண்டும் என்பதற்காகத்தானே நாற்காலியே!

சரி, நான் எதை வாங்கணும்? ஒரே வரில சொல்லுங்க.

ஒரு வரியில் முடியாது, ரெண்டு கேள்வியில் முடியும். எதில் ஏற்றிக்கொண்டு போகப்போகிறீர்கள், அதில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறீர்கள்? முதல் கேள்விக்குப் பதில் எடையையும் சுருட்டிய நீளத்தையும் முடிவு செய்துவிடும், ரெண்டாவது உயரத்தையும் முதுகின் சாய்வையும் முடிவு செய்துவிடும். மிச்சமெல்லாம் கலர்.

கடையில் பெரும்பாலும் நடப்பது வேறு. உட்கார்ந்து பார்ப்பார்கள், ‘ஆஹா’ என்பார்கள், பில் போட்டுவிடுவார்கள். நின்று நின்று கால் வலிக்கிற நேரத்தில் எந்த நாற்காலியும் சுகமாகத்தான் இருக்கும். எழுந்திருக்கும்போது கவனியுங்கள். கையை எங்கேயாவது ஊன்றித் தேடுகிறீர்களா, முன்னும் பின்னும் ஆடி வேகம் எடுக்கிறீர்களா, பக்கத்தில் இருப்பவர் கை கொடுக்கவேண்டியிருக்கிறதா? ராத்திரி எட்டு மணிக்குள் அதில் இருபது தடவை உட்கார்ந்து எழுந்திருப்பீர்கள்.

பைக்ல போறோம். சிலசமயம் பஸ்லயும். எது தூக்க வசதி?

கோர்க்கிற வகைதான், யோசிக்கவே வேண்டாம். பின்சீட்டில் கட்டும் பையிலேயே அடங்கும். குடை வகையைப் பைக்கில் குறுக்காகக் கட்டிக்கொண்டு கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் ஏறின நண்பன் ஒருவன் இருக்கிறான். எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒதுங்கி நின்று நின்று, எங்களுக்கு ஒரு மணி நேரம் பின்னால் வந்து சேர்ந்தான். நீளவாக்கில் கட்டினால் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், அதுவும் ஆபத்துதான்.

பஸ்ஸில் மேலே சாமான் வைக்கும் இடத்தில் குடை வகை ஏறும், ஆனால் இறங்குகிற அவசரத்தில் யார் தலையிலாவது இடிக்கும். மலையேறி நடந்துபோய்த் தங்குவதாக இருந்தால் ஒரு கிலோகூட அதிகம்தான். தண்ணீர், சாப்பாடு, படுக்கைக்கு அப்புறம் தோளில் இடம் இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் மேலே சொன்ன கால் இல்லாத முதுகுத் தாங்கி போதும், ராத்திரி அதையே படுக்கைக்கு அடியில் விரித்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு மூட்டு வலி. அவங்களையும் கூட்டிட்டுப் போறோம். எந்த உயரம் வாங்கறது?

ரொம்ப முக்கியமான கேள்வி, ஆனால் பெரும்பாலும் வாங்கின பிறகுதான் கேட்கிறார்கள். அம்மாவைச் செருப்போடு வீட்டு நாற்காலியில் நேராக உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரைக்கும் டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். வாங்கும் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு இருக்கிற உயரம் அந்த அளவுக்குக் குறையக்கூடாது. மூட்டு வலி இருப்பவர்களுக்கு ரெண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது.

‘உட்கார்ந்த பிறகு’ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டு நாற்காலி 43 முதல் 45 சென்டிமீட்டர் இருக்கும். குடை வகையின் அட்டையிலும் அதேதான் போட்டிருக்கும், ஆனால் அது முன்பக்கக் கம்பியின் உயரம். துணி தொட்டில் மாதிரி தொய்வதால் இடுப்பு அதைவிட ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகக்கூடக் கீழே இறங்கிவிடும். முழங்கால் மேலே, இடுப்பு கீழே. இந்த நிலையிலிருந்து எழுந்திருக்க மூட்டில் விழுகிற பாரம் அதிகம். கோர்க்கிற வகை இன்னும் மோசம், பெரும்பாலானவை முப்பது சென்டிமீட்டர் சொச்சம்தான்.

அதனால் அம்மாவுக்கு டைரக்டர் வகை. துணி இறுக்கமாக இருக்கவேண்டும், கைப்பிடி முன்பக்கம் வரை நீண்டு, ரெண்டு கையையும் ஊன்றி அழுத்தினால் அசையாமல் நிற்கவேண்டும். குடை வகையில் கைப்பிடி என்று இருப்பது பெரும்பாலும் வெறும் துணிப்பட்டை, அழுத்தினால் கை உள்ளே போகும். என் சித்தி ஒருதடவை அப்படி அழுத்தி நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்தார், நல்லவேளை புல்தரை. அன்றிலிருந்து சித்திக்குப் பிளாஸ்டிக் சேர்தான் வருகிறது.

அரை மணி நேரம் உட்கார்ந்தா தொடை மரத்துப் போகுது. சேர் நல்ல விலைதான், ஏன் இப்படி?

முன்பக்கக் கம்பி தொடையின் அடியில் வெட்டுகிறது. துணி நடுவில் தொய்யும்போது ஓரத்துக் கம்பி மட்டும் மேலே நிற்கும், கால் அதன்மேல் தொங்கும். குள்ளமானவர்களுக்கு இது சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் இந்தச் சேர்கள் பலவும் உயரமான ஆட்களை மனதில் வைத்துச் செய்தவை. உட்காரும் இடத்தின் ஆழம் ஐம்பது சென்டிமீட்டரைத் தாண்டினால் ஐந்தடி உயரம் உள்ளவருக்கு முதுகு சாய்மானத்தைத் தொடாது, தொட்டால் கால் தரையில் படாது.

வாங்கும்போது முதுகை முழுக்கச் சாய்த்து உட்கார்ந்து, முன்கம்பிக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே ரெண்டு மூன்று விரல் நுழைகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் முதுகுப்பக்கம் ஒரு தலையணை வையுங்கள், ஆழம் குறைந்துவிடும். காலுக்கு அடியில் பையையோ தட்டையான கல்லையோ போட்டால் தொடை கம்பியிலிருந்து எழும்பும்.

150 கிலோ தாங்கும்னு போட்டிருக்கு. நான் 95 கிலோ. நம்பலாமா?

மெதுவாக உட்கார்ந்து, சமதரையில், ஆடாமல் இருந்தால் நம்பலாம். நாம் அப்படி இருப்பதில்லையே. தொப்பென்று விழுந்து உட்காரும் அந்த ஒரு கணத்தில் நாற்காலிக்குத் தெரியும் பாரம் நம் எடையைப்போல ரெண்டு மடங்கைத் தாண்டும். சரிவில் போட்டால் ஒரே கால் பாதிப் பாரத்தை வாங்கும். பின்கால் ரெண்டில் மட்டும் நின்று ஊஞ்சல் ஆடுகிற பழக்கம் இருந்தால் எந்த எண்ணும் காப்பாற்றாது. உங்கள் எடையைப்போல ஒன்றரை மடங்காவது அட்டையில் இருக்கட்டும், 95 கிலோவுக்கு 150 சரிதான்.

எண்ணைவிட மூட்டுகளைப் பாருங்கள். நான் முதலில் வாங்கின சேரில் குழாய் நன்றாகத்தான் இருந்தது, ரெண்டு கம்பி குறுக்கே சேரும் இடத்தில் இருந்த ரிவெட் சன்னமானது. ரெண்டாவது பயணத்திலேயே கொல்லிமலையில் அது தெறித்து, கையில் தோசைத் தட்டோடு கீழே போனேன். வாங்கின கடையில் கேட்டதற்கு ‘நீங்க ஆடியிருப்பீங்க சார்’ என்றார்கள். ஆடினேன்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும்! கால் சேரும் இடங்களில் பிளாஸ்டிக் மூட்டு இருந்தால் அது தடியாக, உள்ளே பொள்ளல் இல்லாமல் இருக்கிறதா என்று நகத்தால் தட்டிப் பாருங்கள்.

600டி துணின்னு எழுதியிருக்கு, அப்படின்னா என்ன?

டி என்பது டெனியர், நூலின் பருமனைச் சொல்லும் அளவு. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அத்தனை டெனியர். 600டி என்றால் 9,000 மீட்டர் நூல் 600 கிராம். கேம்பிங் நாற்காலிக்கு 600 தாராளமாகப் போதும். 300க்குக் கீழே இருந்தால் கல்லிலும் முள்ளிலும் உரசி உரசிக் கிழியும். 1200 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், காய்வதற்கு அரைநாள் ஆகும்.

பொதுவாகத் துணி நடுவில் கிழிவதைவிடத் தையல் விடுவதுதான் அதிகம். துணியும் கம்பியும் சேரும் மூலைகளைத் திருப்பிப் பாருங்கள். மேலே இன்னொரு துணிப்பட்டை வைத்து ரெண்டு மூன்று வரிசை தைத்திருந்தால் நல்ல சரக்கு, ஒரே வரிசைத் தையலும் நூல் பிசிறும் தெரிந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். முதுகுப்பக்கம் வலைத்துணி இருந்தால் நம் ஊர் வெயிலுக்கு நல்லது, வியர்வை ஒட்டாது. குளிருக்கு அதே வலைதான் எதிரி, அதைக் கீழே சொல்கிறேன்.

அலுமினியமா, இரும்பா?

தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும் என்றால் அலுமினியம், காரில் போகிறது என்றால் இரும்பே போதும், விலையும் குறைவு. ஒரே அளவு கட்டியாக எடுத்தால் அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். ஆனால் அதே பலத்துக்குக் குழாயைக் கொஞ்சம் தடிமனாகப் போடவேண்டியிருப்பதால் நாற்காலி மூன்றில் ஒரு பங்காகிவிடாது. இரும்பு வளைந்தால் முழங்காலில் வைத்து ஓரளவு நிமிர்த்தலாம். அலுமினியத்தை நிமிர்த்தப் போனால் விரிசல் விடும், விட்ட விரிசலைத் தெருமுனை வெல்டிங் பட்டறையில் ஒட்டவும் முடியாது.

தனுஷ்கோடி, தரங்கம்பாடி என்று கடலோரம் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இரும்புக் குழாயின் மேல்பூச்சு ஒரு இடத்தில் உரிந்தால்கூட உப்புக்காற்றில் அங்கிருந்து துரு உள்ளுக்குள் ஓடும், வெளியே தெரியாது, ஒருநாள் முறியும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவி, தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். குழாய்க்குள் போன தண்ணீரும் மணலும் வெளியே வரட்டும்.

மழை பேஞ்ச மண்ணுல கால் புதையுது, ஒரு பக்கமா சாயுது. என்ன பண்றது?

குச்சிக்கால் நாற்காலிகள் எல்லாமே புதையும், கோர்க்கிற வகை இன்னும் வேகமாக. பாரம் இறங்குகிற இடம் ஐம்பது காசு அளவுதான் என்றால் மண் என்ன செய்யும், பாவம். அந்தப் பரப்பைப் பெரிசாக்குவதுதான் வழி. பழைய டென்னிஸ் பந்தில் கத்தியால் சின்னக் கிழிசல் போட்டு நாலு காலுக்கும் மாட்டிவிட்டால் ஈர மண்ணில் நன்றாக நிற்கும். நாலு காலையும் சேர்த்து அடியில் விரிக்கிற துணித்தட்டு தனியாகவும் விற்கிறார்கள். டைரக்டர் வகையில் ரெண்டு கால்களை இணைத்துத் தரையோடு படுத்த கம்பி இருக்கும், அதனால் அதில் இந்தத் தொல்லையே பாதி கிடையாது.

கடற்கரை மணலில் நான் செய்வது வேறு, கொஞ்சம் கோமாளித்தனமாகத் தெரியும். நாலு கொட்டாங்குச்சி. கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்து, குழிக்குள் கால் நிற்கும்படி மணலில் அழுத்திவிடுங்கள். கல் தரையில் இதை முயற்சி பண்ணாதீர்கள், உருளும்.

கேம்ப் ஃபயர் பக்கத்துல உட்கார்ந்தா துணில ஓட்டை விழுது. தீப்பிடிக்காத துணி கிடைக்குமா?

இந்த நாற்காலிகளின் துணி பெரும்பாலும் பாலியஸ்டர், கொஞ்சம் நைலான். பாலியஸ்டர் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உருகும். விறகிலிருந்து தெறிக்கிற பொறி அதைவிடச் சூடு, அதனால் பட்ட இடத்தில் பொட்டு மாதிரி ஓட்டை விழும். ஒரு பொட்டு ஒன்றும் செய்யாது, ஆனால் இழுபடுகிற இடத்தில் விழுந்தால் அங்கிருந்து கிழியும். தடித்த பருத்திக் கான்வாஸ் உருகாது, கருகும், பொறியைத் தட்டிவிட நேரம் கிடைக்கும். அதற்காக நாற்காலியையே மாற்றவேண்டாம், பழைய பருத்திப் போர்வையையோ சாக்கையோ மடித்து மேலே போட்டுக்கொண்டு பத்தடி தள்ளி உட்காருங்கள். சவுக்குக் கட்டை பரவாயில்லை, மூங்கில் போட்டால் வெடிக்கும்.

தீ மூட்டுவது பற்றி ஒன்று சொல்லித்தான் ஆகவேண்டும். தங்கும் இடத்துக்காரர் காட்டுகிற இடத்தில், அவர் அனுமதித்தால் மட்டும். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் டென்ட்டே போடக்கூடாது, தீயைப் பற்றிப் பேச்சே இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் மலைப்புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நான் மறக்கவில்லை. அந்த மாதங்களில் நாங்கள் தீ மூட்டுவதே இல்லை, சார்ஜ் லைட்டைச் சுற்றித்தான் உட்காருகிறோம்.

கொடைக்கானல்ல ஸ்வெட்டர் எல்லாம் போட்டிருந்தும் பின்பக்கம் ஜில்லுனு ஏறிச்சு. ஏன்?

அடியில் காற்று ஓடுகிறது, நடுவில் ஒரு மெல்லிய துணிதான் மறைப்பு. நம் எடையில் ஸ்வெட்டரும் பேண்ட்டும் நசுங்கிப்போவதால் அதற்குள் இருக்கிற காற்றும் போய்விடும், குளிரைத் தடுப்பது அந்தக் காற்றுதானே. 2,100 மீட்டர் உயரத்தில் டிசம்பர் ராத்திரி வலைத்துணிச் சேரில் உட்கார்ந்தால் ஐஸ் கட்டியில் உட்கார்ந்த மாதிரிதான்.

யோகா பாயை நாலாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள், பிரச்சினை முடிந்தது. கம்பளியைக் காலில் மட்டும் போர்த்தாமல் முதலில் நாற்காலிமேல் விரித்து, அதில் உட்கார்ந்து, மிச்சத்தை முன்னால் இழுத்துப் போர்த்துங்கள்.

ஜவ்வாது மலைக்கு நட்சத்திரம் பார்க்கப் போறோம். அதுக்குத் தனியா சேர் வேணுமா?

தனியாக வேண்டாம், ஆனால் தலையைத் தாங்குகிற உயரமான முதுகு வேண்டும். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் வைத்ததே அங்கே வானம் நன்றாக இருக்கும் என்பதால்தான். ஆனால் தோள் வரைக்கும் மட்டும் உள்ள நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்தால் பத்து நிமிஷத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். டிசம்பர் 13, 14 ராத்திரி ஜெமினிட் எரிகற்களுக்காகப் போகிறவர்கள் மணிக்கணக்கில் அண்ணாந்து கிடக்கவேண்டும், அவர்களுக்குத்தான் அந்த ஏழெட்டு கிலோ சாய்வு சேர் நியாயம். அதையும் சுமக்க முடியாது என்றால் வெட்கப்படாமல் பாயை விரித்துப் படுத்துவிடுங்கள், வானத்துக்கு அதைவிட நல்ல ஆசனம் இல்லை.

பனி விழும். நடுவில் டீ போட எழுந்துபோனால் நாற்காலியைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் திரும்பி வந்து ஈரத்தில்தான் உட்காரவேண்டும்.

தாத்தா வீட்டு ஈஸி சேர் மாதிரி மரமும் கான்வாஸுமா மடக்கற சேர் கிடைக்காதா?

கிடைக்கும், ஆசாரியிடம் சொல்லிச் செய்தும் வாங்கலாம். கீழே குறுக்குக்கட்டை, மேலே ரெண்டு உருளைக்கட்டையில் தொங்கும் கான்வாஸ் என்று அந்த ஈஸி சேரே மடக்கக்கூடிய பொருள்தான். ஆனால் தேக்கில் செய்தால் எடை நம் முதுகை முறிக்கும். அதுவும் மேலே சொன்ன எழுந்திருக்கும் சோதனையில் தோற்றுப்போகிற நாற்காலி, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் எழுந்திருக்க மனசும் வராது, முடியவும் முடியாது.

மரத்தில் ஆசை என்றால் ரூர்க்கி நாற்காலியைப் பாருங்கள். இன்றைய உத்தராகண்டில் இருக்கிற ரூர்க்கியில் ராணுவப் பொறியாளர் படையின் தலைமையிடம் இருந்தது, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்து வந்த முகாம் நாற்காலி இது. திருகாணி, பசை எதுவும் கிடையாது. கூம்பாகச் சீவின குறுக்குக்கட்டைகள் நாலு கால்களில் உள்ள துளைகளில் செருகி நிற்கும், துணியும் தோல் வாரும் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும். இதில் ஒரு அழகு என்னவென்றால் மூட்டுகள் இறுகிப் பூட்டாததால் மேடு பள்ளத்தில் வைத்தாலும் கால்கள் கொஞ்சம் கொஞ்சம் அசைந்து கொடுத்து நாலும் தரையைத் தொடும், உட்கார்ந்ததும் பாரத்திலேயே இறுகிக்கொள்ளும். டென்மார்க்கின் காரே கிளிண்ட் 1933இல் இதைப் பார்த்துத்தான் தன் சஃபாரி நாற்காலியைச் செய்தார். பிரித்தால் ஒரு கட்டு விறகு மாதிரி ஆகிவிடும். எடை ஐந்து கிலோ பக்கம் வரும், காருக்குச் சரி.

குழந்தைகளுக்குச் சின்ன சேர் வாங்கலாமா, பெரியவங்க சேர்லயே உட்காரட்டுமா?

சின்னதாகவே வாங்குங்கள். பெரிய சேரின் நுனியில் ஏறி நிற்கும்போது அது முன்பக்கமாகக் கவிழும், நான் பார்த்த விழுகைகளில் பாதி இதுதான். அதைவிட முக்கியம், மடக்குகிற இடத்தில் விரல் மாட்டுவது. விரித்தபின் தானாக மடங்காதபடி பூட்டு இருக்கிற சேராகப் பாருங்கள், மடக்குவதும் பிரிப்பதும் பெரியவர்கள் வேலை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நாங்க நாலு பேர். செட்டா நாலும் ஒரே மாதிரி வாங்கிடலாமா, தள்ளுபடி வேற இருக்கு?

வேண்டாம். நாலு பேர் உயரமும் எடையும் வேலையும் ஒன்றா? சமைக்கிறவருக்கு நிமிர்ந்த சேர், கதை சொல்லிக்கொண்டே இருப்பவருக்குச் சாய்ந்த சேர், அம்மா அப்பாவுக்கு மேலே சொன்ன உயரமான சேர். போட்டோவில் அழகாக இருக்காது, பரவாயில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பொருத்தம் பாருங்கள், மேஜை. வீட்டில் 45 சென்டிமீட்டர் நாற்காலிக்கு 75 சென்டிமீட்டர் மேஜை, அதாவது வித்தியாசம் முப்பது பக்கம். முப்பது சென்டிமீட்டர் தாழ்ந்த சேரில் உட்கார்ந்து எழுபது சென்டிமீட்டர் மடக்கு மேஜையில் சாப்பிட்டால் தட்டு மார்புக்கு வந்துவிடும், குழம்பு சட்டைக்கு வந்துவிடும். எல்லாரும் தாழ்வு என்றால் மேஜையும் தாழ்வு. கலந்து வாங்கினால் தாழ்ந்த சேர்க்காரர் தட்டை மடியில் வைத்துக்கொள்ளவேண்டியதுதான்.

ஆன்லைன்ல வாங்கலாமா? கடைல விலை ஜாஸ்தி.

முடிந்தால் டெகாத்லான் மாதிரிப் பிரித்து வைத்திருக்கிற கடைக்குப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். அவசரமாக எழுந்துவிடாமல் இருபது நிமிஷம் போன் பேசிக்கொண்டே உட்காருங்கள். தொடை மரத்துப்போவதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். ஆன்லைன்தான் வழி என்றால் உட்காரும் உயரம், ஆழம், சுருட்டிய நீளம், எடை என்ற நாலு எண்ணும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எடையை மட்டும் பெரிசாகப் போட்டு உயரத்தைப் போடாத பொருளை நான் தொடுவதில்லை. வந்ததும் வீட்டுக்குள்ளேயே, அழுக்குப் படாமல், ஒரு சாயங்காலம் முழுக்க அதில் உட்கார்ந்து டிவி பாருங்கள், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள்.

காத்துல சேர் பறந்துடுச்சுன்னு சொன்னீங்களே, அது நிஜமா?

நிஜம். மேகமலையில் ஒரு கிலோ சேர், ஆள் எழுந்த அடுத்த நொடி கிளம்பித் தேயிலைச் செடிகளுக்குமேல் உருண்டு ஓடையில் போய் நின்றது. எடை குறைவு என்பதற்கு நாம் கொடுக்கும் விலை அது. காற்று அதிகமான இடத்தில் சேரின் பையிலேயே கல்லைப் போட்டு உட்காரும் துணிக்குக் கீழே கட்டித் தொங்கவிடுங்கள், எழுந்துபோகும்போது பக்கவாட்டில் படுக்கவைத்துவிட்டுப் போங்கள்.

பூஞ்சை பிடிச்சுடுச்சு, ஒரு மூலைல தையலும் விட்டுடுச்சு. தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம். ஈரத்தோடு பையில் சுருட்டி வைத்ததால் பூஞ்சை வந்திருக்கும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும், பிளீச்சிங் பவுடர் போட்டால் கலரும் போகும், நூலும் பலவீனமாகும். நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். வெயிலில் வாரக்கணக்காகப் போட்டுவிடாதீர்கள், துணி மொறமொறத்துவிடும். தையலுக்கு டெய்லர் கடை ஆகாது, அவர்களுடைய ஊசி அந்தத் தடிமனுக்குள் போகாது. ஸ்கூல் பை தைக்கிற கடையிலோ செருப்புத் தைக்கிறவரிடமோ கொடுங்கள், நைலான் நூலில் ரெண்டு வரிசை போட்டுத் தருவார்கள். நான் போனதடவை கொடுத்தபோது ஐம்பது ரூபாய், புதுசில் இருந்ததைவிட உறுதியாக வந்தது.

தாழ்ந்த சேரை வாங்கிட்டேன், திருப்பவும் முடியாது. இப்ப என்ன பண்ண?

ரெண்டு இஞ்ச் தடிமனான இறுக்கமான ஸ்பாஞ்ச் வாங்கி உட்காரும் இடத்தில் போடுங்கள், உயரமும் கூடும், தொய்வும் குறையும். காரில் போகிறீர்கள் என்றால் நாலு காலுக்கும் அடியில் பலகை வைத்தும் உயர்த்தலாம், ஆனால் ஆடாமல் நிற்கும்படி பாருங்கள். எழுந்திருக்கக் கைத்தடி மாதிரி ஒன்றைப் பக்கத்தில் ஊன்றி வைத்துக்கொண்டால் அதுவே பாதி வேலையைச் செய்யும். ஒன்றும் சரிவரவில்லை என்றால் கூட வருகிற காலேஜ் பையன் யாரிடமாவது தள்ளிவிட்டு அவனுடைய பிளாஸ்டிக் சேரை வாங்கிக்கொள்ளுங்கள். என் மூன்றாவது சேர் அப்படித்தான் அக்கா மகனிடம் போனது. அவன் அதில் காலை மடித்துப்போட்டுத் தூங்கவே செய்கிறான்.